பக்கம் முடிகிற இடம்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழா. செய்முறை எழுதும் மேசையில் நோட்டுக்குப் பதிலாக என் மடிக்கணினி. மற்ற ஊர்களில் மொய் என்பதை அந்தப் பக்கம் செய்முறை என்பார்கள். எழுதிய கணக்கை அன்று ராத்திரியே புத்தகமாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று முதல்முறையாக வாக்குக் கொடுத்திருந்தேன். 1,412 பேர், 8,47,350 ரூபாய். பந்தி முடிந்து, அண்டா கழுவுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்த பதினோரு மணிக்கு லேசர் பிரிண்டர் 38 தாள்களைத் தள்ளியது. வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளை எடுத்தார். ஊரைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. நேரே தாளின் அடிக்குப் போனார். அடுத்த தாளின் அடி. அதற்கடுத்த தாளின் அடி.

"ஏப்பா தம்பி, பக்கத்துக்கு எட்டரை லட்சமா? அப்ப மொத்தம் மூணேகால் கோடியில்ல ஆச்சு! இந்த வீட்ட வித்தாக்கூடத் திருப்பிச் செய்ய முடியாதேப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வியர்த்தேன்.

நடந்தது இதுதான். வலைப்பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லில் அட்டவணைக்குத் தலை, உடல், அடி என்று மூன்று பாகம். அட்டவணை பல தாள்களுக்கு ஓடினால் தலையை ஒவ்வொரு தாளிலும் குரோம் உலாவி தானாகவே திரும்ப அச்சடிக்கும். 'வ.எண், ஊர், பெயர், தொகை' என்ற தலைப்பு 38 தாளிலும் வந்தது அந்தப் புண்ணியத்தில்தான். அடியையும் அப்படியே திரும்ப அச்சடிக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மொத்தத் தொகையை அந்த அடியில் போட்டிருந்தேன். திரையில் பார்த்தால் ஒரே அட்டவணை, ஒரே அடி, ஒரே மொத்தம். தாளில் 38 மொத்தம்.

தோற்றத்தைச் சொல்லும் நடைத்தாளான சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் அந்த அடி சாதாரண வரிசையாகிக் கடைசியில் ஒரு தடவை மட்டும் வரும். அங்கேயே சேர்த்து மறுபடி அச்சடித்தேன். பெரியவர் மறுபடியும் அடிகளையே புரட்டினார். முகம் தெளியவில்லை.

"இப்ப ஒண்ணுமே இல்லையே. பக்கக் கூட்டு எங்கப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

செய்முறை நோட்டு எழுதுகிறவர் ஒவ்வொரு பக்கமும் நிறைந்ததும் அடியில் கோடு போட்டுக் கூட்டுவார். அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் ஏற்றுவார். ராத்திரி பணப்பையைக் கொட்டி எண்ணும்போது இடிக்கிறதென்றால் எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று தேட இதுதான் வழி. நடுவில் ஒரு தாள் கிழிந்தாலும், பிறகு யாரோ ஒரு பெயரை நுழைத்தாலும் பக்கக் கூட்டு காட்டிக்கொடுத்துவிடும். கணினி கூட்டினால் தப்பாது என்று நான் சொன்னதைப் பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் கணினி கூட்டியதை அவர் சரிபார்ப்பது எப்படி? 1,412 தொகையை ஒரே மூச்சில் கூட்ட எந்த மனிதனாலும் முடியாது. ஒரு பக்கத்தைக் கூட்டலாம். அது சரியாக இருந்தால் மற்றதையும் நம்பலாம்.

வலைப்பக்கம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, அதற்குப் பக்கம் கிடையாது. அது ஒரு சுருள். எவ்வளவு எழுதினாலும் கீழே இறங்கிக்கொண்டே போகும். எந்த வரியில் தாள் முடியும் என்பது எச்டிஎம்எல்லுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அதை யாரும் செய்யவும் இல்லை. இருபது வருடமாக நான் பார்த்த வேலையில் பாதி, இந்தச் சுருளைத் தாளில் வெட்டுகிற வேலை.

தாள் எங்கே முடியும் என்பது ஒரு காலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 2002-இல் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தொடர்தாள். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று படி, இடையில் கார்பன். ஒரு அங்குலத்துக்கு 6 வரி. 12 அங்குலத் தாளுக்கு 72 வரி. தலைப்புக்குப் பன்னிரண்டு, அடிக்கு எட்டு போக, சரக்குக்கு 52 வரி. நிரலில் ஒரு எண்ணியை வைத்து வரிக்கு வரி கூட்டிக்கொண்டே வரவேண்டும்; 52 வந்ததும் 'தொடரும்' போட்டுத் தாளைத் தள்ளவேண்டும். பக்கக் கூட்டு போடுவது அன்று ஒரு பெரிய காரியமே இல்லை. பக்கத்தை வெட்டுகிற கை என்னுடையதாக இருந்தது.

அதிலும் அடி வாங்கியிருக்கிறேன். அந்த வகைப் பிரிண்டர்கள் தாளுக்கு 66 வரி, அதாவது 11 அங்குலம் என்ற எண்ணத்தோடுதான் விழித்தெழும். தாள் நீளம் 72 வரி என்று ஒவ்வொரு முறையும் சொல்லித் தொடங்க வேண்டும். ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு அதைச் சொல்ல மறந்தது என் நிரல். இரண்டாவது பில்லின் தலைப்பு முதல் பில்லின் அடியில் விழுந்தது. மூன்றாவது இன்னும் ஆறு வரி மேலே. பத்துப் பன்னிரண்டு பில் போனபின்தான் கணக்கப்பிள்ளை கவனித்தார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பிறகு எல்லாவற்றையும் உலாவிக்குள் கொண்டுபோகிற காலம் வந்தது. பில் திரையில் அழகாக வரும், கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் தாளில் வரும் என்று நம்பிப் போனேன். வந்தது: இடதுபக்கப் பட்டியல், 'வெளியேறு' பொத்தான், பாதி வெட்டுப்பட்ட தொகைப் பத்தி. இவற்றையெல்லாம் மறைக்க வழி இருந்தது. அச்சுக்கென்று தனி நடைத்தாள் எழுதலாம் என்று 1998-இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பே சொல்லிவிட்டது. தாளின் அளவு, ஓர இடைவெளி, எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அன்றைய உலாவிகள் அதில் கொஞ்சத்தைத்தான் மதித்தன. மறைக்கவே முடியாத ஒன்று, உலாவி தானாகத் தாளின் தலையிலும் அடியிலும் போடும் தேதியும் முகவரியும். ஒவ்வொரு கணினியிலும் போய் அமைப்பில் அதை நீக்கிவிட்டு வருவேன். யாராவது உலாவியைப் புதுப்பித்தால் திரும்ப வந்துவிடும். விருதுநகர் வியாபாரி ஒருவர், அடியில் இருந்த 192.168.1.5 என்பதை பில் எண் என்று நினைத்து மூன்று மாதம் தன் பேரேட்டில் ஏற்றியிருந்தார். எல்லா பில்லுக்கும் ஒரே எண் வருகிறதே என்று அவருடைய ஆடிட்டர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே உலாவியை நம்பாமல் பிடிஎஃப் கோப்பை நாமே செய்து கொடுப்பது என்று முடிவானது. பிஎச்பி மொழிக்கு எஃப்பிடிஎஃப் என்ற இலவச நூலகம் இருந்தது. பெயரின் முதல் எழுத்தே 'இலவசம்' என்பதைத்தான் குறிக்கிறது. பிடிஎஃப் உள்ளுக்குள் ஒரு படம் வரைகிற பலகை மாதிரி: அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு அதன் அளவு, ஏ4 தாள் 595-க்கு 842. இன்ன இடத்தில் இன்ன எழுத்தை வை என்று சொன்னால் வைக்கும். பத்தி, அட்டவணை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மில்லிமீட்டர் கணக்கில் ஒவ்வொரு கட்டமாக வரைந்தேன். டாட் மேட்ரிக்ஸ் காலத்துக் கை திரும்ப வந்தது போலிருந்தது. ஆனால் வாடிக்கையாளரின் முகவரி இரண்டு வரிக்குப் பதில் நான்கு வரி வந்தால் அதன் கீழே இருக்கும் எல்லாக் கட்டத்தையும் தள்ள வேண்டும். 'ஒரு பத்தி சேர்த்துக் குடுங்க' என்று முதலாளி சாதாரணமாகச் சொல்லுவார். எனக்கு அன்று முழுவதும் கூட்டல் கழித்தல்.

தமிழில் பெயர் வேண்டும் என்று கேட்டபோதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒருங்குறியில் 'செ' என்பது முதலில் ச, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. நாம் உச்சரிக்கிற வரிசை அது. எழுதும்போதோ கொம்பு முன்னால் வரும். 'சொ' என்றால் ச, பிறகு ஒரே குறி; காட்டும்போது அது இரண்டாகப் பிரிந்து கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். 'மு', 'கு', 'டு' என்று வரும்போது இரண்டு குறி ஒட்டி ஒரே உருவமாக வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு தனி எந்திரம் வேண்டும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். நாம் திரையில் தமிழ் படிக்கும் ஒவ்வொரு நொடியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பிடிஎஃப் செய்கிற பழைய நூலகங்களில் அது கிடையாது. எஃப்பிடிஎஃபுக்கு ஒருங்குறியே தெரியாது. டிசிபிடிஎஃப் என்ற இன்னொரு நூலகத்துக்கு ஒருங்குறி தெரியும், அரபியை வலமிருந்து இடமாக எழுதக்கூடத் தெரியும். தமிழைச் சேமித்த வரிசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடும். செல்வம் என்ற பெயரில் கொம்பு ச-வை விட்டுவிட்டு ல-வோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு ரசீதுப் புத்தகம் முழுக்க இப்படி அச்சாகிவந்து, எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டோம்.

அப்போது எங்களைக் காப்பாற்றியது பாமினி. பழைய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தது. அதில் கொம்பை முதலில்தான் தட்டச்சிட வேண்டும். எழுதுகிற வரிசையும் சேமிக்கிற வரிசையும் ஒன்று. ஒருங்குறியை பாமினிக்கு மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதி, பாமினி எழுத்துருவை எஃப்பிடிஎஃபுக்குள் பதித்தால் முத்து முத்தாகத் தமிழ் வரும். இதை அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்துத் தனித்தனியாகப் பெருமைப்பட்டிருப்பார்கள். கோளாறு ஒன்றுதான். அந்தப் பிடிஎஃபிலிருந்து 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரும். தாளில் தமிழ், கோப்புக்குள் ஆங்கிலக் குப்பை. அச்சடிப்பதற்கு மட்டும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எம்பிடிஎஃப் என்ற நூலகம் பின்னாளில் எழுத்துருவுக்குள் இருக்கும் இந்த விதிகளைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டது. இன்றும் சின்னச் சின்னத் தமிழ் ரசீதுகளுக்கு அதை நான் பயன்படுத்துகிறேன். ஆயிரம் வரிசை உள்ள அட்டவணையைக் கொடுத்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

அதற்கிடையில் இன்னொரு யோசனை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. எச்டிஎம்எல்லை வரையத் தெரிந்தது உலாவி ஒன்றுதான். அப்படியானால் திரை இல்லாத ஒரு உலாவியைச் சர்வரில் உட்காரவைத்து அதையே பிடிஎஃப் எழுதச் சொன்னால் என்ன? வெப்கிட் எந்திரத்தை வைத்து அப்படிச் செய்யப்பட்டதுதான் டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோப்பு வந்துவிடும் என்று நாங்கள் கேலி பேசுவோம். அதைப் பார்த்த முதல் நாள் எனக்கு அழுகையே வந்தது. மில்லிமீட்டர் கணக்கு எதுவும் வேண்டாம். எழுதிய பக்கம் அப்படியே தாளில். சர்வரில் ஏற்றியதும் எல்லாப் பெயரும் சதுரச் சதுரக் கட்டங்களாக வந்தன. என் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது, சர்வரில் இல்லை. இந்தக் கட்டங்களுக்குத் தொழிலில் டோஃபு என்று பெயர், சோயாக் கட்டி. 'இனி டோஃபு இல்லை' என்பதால்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. நோட்டோ தமிழை ஏற்றியதும் கட்டங்கள் போயின. உதயகுமார் வடிவமைத்து 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறிக்கும் இதே கதி. பழைய எழுத்துருக்களில் அது இல்லாததால் பல வருடம் பில்களில் 'ரூ.' என்றே விட்டுவைத்தேன். இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த மென்பொருளின் கெட்ட குணம், தாள் முடிகிற இடத்தில் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டுவது. வரிக்கு நடுவில் வெட்டும். ஒரு பெயரின் மேல்பாதி இந்தத் தாளில், கீழ்ப்பாதி அடுத்த தாளில். வரிசையை உடைக்காதே என்று நடைத்தாளில் ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். சொன்னாலும் சில நேரம்தான் கேட்கும். 2023 தொடக்கத்தில் அதன் களஞ்சியத்தைப் பூட்டி ஆவணமாக்கிவிட்டார்கள். இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். நல்ல மாடு என்று நான் இன்றும் சொல்லுவேன்.

2017 எங்கள் தொழிலுக்கு ஒரு திருப்பம். ஜூன் மாதம் குரோம் 59 வந்தது. திரை இல்லாமலே ஓடும் வசதி அதில் இருந்தது. ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. இரண்டும் சேர்ந்து என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை. சரக்கு பில் என்றால் மூன்று படி: வாங்குபவருக்கு அசல், லாரிக்காரருக்கு இரண்டாம் படி, விற்பவருக்கு மூன்றாம் படி, ஒவ்வொன்றிலும் அது எந்தப் படி என்று எழுதியிருக்க வேண்டும். கார்பன் காலத்தில் ஒரே அடியில் மூன்று விழுந்தது. லேசரில் ஒரே பில்லை மூன்று தடவை வரைய வேண்டும். பக்க எண் மூன்று தடவையும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு முதலில் 1 முதல் 6 வரை ஓடியது. லாரிக்காரர் கையில் மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் மட்டும் இருந்தால் சோதனையில் நிறுத்துகிறவர் என்ன நினைப்பார்?

குரோம் வந்தபின் தமிழ்க் கவலை தீர்ந்தது. திரையில் எப்படியோ தாளிலும் அப்படி. ஆனால் அதற்கும் தனிப் பிடிவாதங்கள். நிரலிலிருந்து குரோமை ஓட்டும் பப்பெட்டியர் வழியாகக் கேட்டால், நாம் சொல்லாவிட்டால் தாள் அமெரிக்க லெட்டர் அளவு. ஏ4-ஐ விடக் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் குட்டை. பின்னணி நிறம் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். தலைப்பு, அடிக் குறிப்புக்கு அது கொடுக்கும் இடம் தனித் தீவு: நம் பக்கத்தின் நடைத்தாள் அங்கே செல்லாது; எழுத்தளவு நாமே சொல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வரும். பக்க எண் வரவில்லை என்று இரண்டு நாள் தேடினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இருந்தது. சர்வரில் வேலை முடிந்தும் சாகாத குரோம்கள் பேய் மாதிரி நினைவகத்தில் உலாவுவது, டாக்கர் பெட்டிக்குள் பகிர்வு நினைவகம் 64 மெகாபைட்தான் என்பதால் பெரிய பக்கத்தில் கவிழ்வது, இவற்றைப் பற்றி எழுதினால் கண்ணீர்க் கதையாகிவிடும்; விட்டுவிடுகிறேன்.

பக்கக் கூட்டுக்கு வருகிறேன். நோட்டுக்காரருக்குச் சுலபமாக இருந்தது குரோமுக்கு ஏன் முடியவில்லை? ஏனென்றால் குரோமிடம் நாம் கொடுப்பது முழு அட்டவணை. அதை எங்கெங்கே வெட்டினேன் என்று அது நம்மிடம் சொல்வதில்லை. வெட்டி பிடிஎஃபாகவே கொடுத்துவிடுகிறது. எந்தப் பெயரில் பக்கம் முடிந்தது என்று தெரியாமல் எதைக் கூட்டுவது? ஆஸ்திரேலியாவில் செய்யப்படும் பிரின்ஸ் என்ற மென்பொருள் இந்தத் துறையில் ராஜா. சிஎஸ்எஸ்ஸை 1994-இல் முன்மொழிந்த ஹோகன் வியூம் லீ அதில் இருக்கிறார். சிஎஸ்எஸ் பற்றி அவர் இணைந்து எழுதிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பே எச்டிஎம்எல்லிலிருந்து அதன் வழியாகத்தான் அச்சாயிற்று. காசில்லாமல் முயன்று பார்க்கலாம், முதல் பக்கத்தில் தன் முத்திரையைப் போடும். உரிமத்தின் விலை செய்முறைக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எட்டாது.

பக்கத்துக்கு 38 வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாமே என்று தோன்றும். முதலில் நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஒருவர் 'பாண்டி, கறிக்கடை' என்று ஒரு வரியில் முடிப்பார். அடுத்தவர் தகப்பனார் பெயர், கடை பெயர், 'மற்றும் சகோதரர்கள்' எல்லாம் சொல்லி மூன்று வரி எழுத வைப்பார். 38 வரிசை சில பக்கத்தில் வழியும், சில பக்கத்தில் கால்வாசி வெற்றிடம் விடும்.

கடைசியில் பழைய கைக்கே திரும்பினேன். வெட்டுகிற வேலையைக் குரோமிடம் விடாமல் நானே செய்வது. முதலில் தாளின் அகலத்துக்கே ஒரு பெட்டி செய்து எல்லா வரிசையையும் அதில் கொட்டுவேன். எழுத்துரு முழுதாக இறங்கும்வரை காத்திருப்பேன். இதை மறந்தால் வேறு எழுத்துருவில் அளந்துவிட்டு நோட்டோவில் அச்சடிப்போம். தமிழ் எழுத்துருக்கள் உயரம் கூடியவை என்பதால் எல்லாம் வழியும். பிறகு ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் அளந்து கூட்டிக்கொண்டே வருவேன். அடுத்த வரிசையும் கூட்டு எழுதும் வரியும் சேர்ந்தால் தாள் தாங்காது என்ற இடத்தில் நிறுத்தி, 'பக்கக் கூட்டு', 'இதுவரை' என்று இரண்டு தொகையை எழுதி மூடுவேன். புதுப் பக்கத்தின் தலையில் 'முன்பக்கம் வரை'. பிறகு அடுத்த வரிசை. கடைசித் தாளில் பெயர் ஒன்றும் இல்லாமல் கூட்டு மட்டும் தனியாக நின்றால் முந்தைய பக்கத்திலிருந்து இரண்டு பேரைத் துணைக்கு இழுத்துவருவேன்.

முதல் சோதனையில் 38 பக்கத்துக்குப் பதில் 76 வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாள். மூன்று நாள் எதையெதையோ மாற்றினேன். காரணம் ஒரு பின்னம். சிஎஸ்எஸ் கணக்கில் அங்குலத்துக்கு 96 புள்ளி. 297 மில்லிமீட்டர் என்றால் 1122.52 புள்ளி. நான் முழுமையாக்கி 1123 என்று எழுதியிருந்தேன். மிச்சம் அரைப் புள்ளிகூட இல்லை. தாளில் எட்டில் ஒரு மில்லிமீட்டர். அந்தத் துளி அடுத்த தாளுக்கு வழிந்து, தனக்கென்று ஒரு முழுத் தாளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் பக்கங்கள் 296 மில்லிமீட்டர்தான். வெற்றுத் தாளைக் கண்டாலே எனக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது.

செய்முறை மேசையில் உடனுக்குடன் சீட்டு கொடுக்கத் தெர்மல் பிரிண்டரும் வைத்திருக்கிறேன். அதன் காகிதச் சுருளும் வலைப்பக்கமும் உடன்பிறப்புகள். பக்கம் என்ற தொல்லை இரண்டுக்கும் இல்லை. அதில் எனக்கு ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு விழா வீட்டார் புத்தகத்தின் பிடிஎஃப் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பெயரைத் தட்டித் தேடினால் ஒரு செயலியில் கிடைக்கிறது, இன்னொன்றில் கிடைப்பதில்லை. பிடிஎஃபுக்குள் இருப்பது எழுத்துகளின் உருவங்களும் அவற்றின் இடமும். எந்த உருவம் எந்த எழுத்து என்ற குறிப்பு தனியாக இருக்கிறது, அதை எல்லாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. ஆகவே வந்த வரிசைப்படி ஒரு புத்தகம், ஊர்வாரியாக ஒரு புத்தகம் என்று இரண்டாகக் கொடுக்கிறேன். முதலாவது ஆண்கள் பணம் எண்ணும்போது பார்ப்பது. இரண்டாவது வீட்டுப் பெண்கள் அடுத்த பத்து வருடம் பார்ப்பது: செக்கானூரணியில் விசேஷம் என்றால் செக்கானூரணியைப் புரட்டி யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

2024 கடைசியில் வந்த குரோம் 131, ஓர இடைவெளிக்குள் பக்க எண்ணை நடைத்தாளிலேயே எழுதும் வசதியை ஒருவழியாகக் கொண்டுவந்தது. பக்கக் கூட்டு இன்னும் என் கையில்தான்.

முதல் விழா நடந்து இரண்டு வருடம் கழித்து அதே வீட்டில் கல்யாணம். அதே பெரியவர், அதே கண்ணாடி. ராத்திரி புத்தகத்தை வாங்கியவர் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழாக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அடியில் விரல் நின்றது. தலையை ஆட்டினார். அடுத்த பக்கத்தின் தலையைப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். பிறகு கடைசித் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"வெத்துத் தாள் வைக்கலையாப்பா?"

"எதுக்குங்கய்யா?"

"வர முடியாம போனவுக நாளைக்கு வீட்டுக்கு வந்து செய்வாகள்ல. ஒரு மாசம் வரைக்கும் வரும். அத எங்க எழுதுறது?"

மடிக்கணினியைத் திறந்தேன். கடைசிப் பெயருக்குப் பிறகு வரிசை எண் மட்டும் போட்ட காலி வரிகளாக இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் தலையில் 'முன்பக்கம் வரை' தொகை. அடியில் 'பக்கக் கூட்டு' என்று எழுதி எதிரே கோடு. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நீ செஞ்சியா?"

காலையிலிருந்து அத்தனை பேரின் பெயரையும் எழுதியவன் நான். என் பெயர் எங்கேயும் இல்லை. பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். முதல் காலி வரியில் ஊர் மதுரை என்றும், பக்கத்தில் என் பெயரையும், 501 என்றும் எழுதினார். 'செ' எழுதும்போது கொம்பை முதலில் போட்டார்.